கலியபெருமாள்: ஒரு மக்கட்பெயரின் வரலாறு

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் வரலாற்றுச் சிறப்பை அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூல் தமிழுலகிற்கு நன்கு புலப்படுத்திற்று. ஊர்ப்பெயர் நிலத்தோடு ஒட்டி நிற்பது. ஆதலின் நூற்றாண்டு பல கழியினும் பெரும்பான்மையும் அழியாது நிலைபெறும். மக்கட்பெயரோ மாந்தரோடு பிறந்து மாந்தரோடு மறைவது. அதன் வரலாற்றை எழுதுதல் அரிது. எனினும், ஒரு பெயர் எந்நாளில் எவ்விடத்தில் எத்தகைய மக்களால் விரும்பி இடப்பெற்றது என்பதை அறியின், அம்மக்கள் எதனை அஞ்சினர், எதனை நம்பினர், எவ்வாறு மதிக்கப்பட விரும்பினர் என்பன யாவும் விளங்கும். அரசர் வரலாறு கூறாது விடுத்த செய்திகளை உழவர் பெயர்கள் கூறும் என்க.

பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்களில் மிகுதியாக வழங்கி, இப்பொழுது அருகிவரும் 'கலியபெருமாள்' என்னும் பெயரை யாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இவ்விரு மாவட்டங்களும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதினின்றும் அரியலூர் 2001இல் பிரிக்கப்பெற்று, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்து மக்கள் 5,65,223 பேர். அரியலூர் மாவட்டத்து மக்கள் 7,54,894 பேர். தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லைகளாக அமைந்த இந்நிலப்பரப்பு பெரும்பாலும் வானம் பார்த்த மானாவாரி நிலமாகும். இவ்வியல்பு நம் ஆராய்ச்சிக்குப் பின்னர்த் துணை செய்யும்.

சான்றுகளும் ஆராயும் முறையும்

மேலைநாட்டார்க்கு இத்துறையில் வாய்த்த கருவிகள் பல. இங்கிலாந்தில் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என்று 1538இல் ஆணை பிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1880 முதலாகப் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுதோறும் எண்ணி அரசே வெளியிடுகின்றது. ஆதலின் ஒரு பெயர் எவ்வாண்டில் தோன்றி, எவ்வாண்டில் உச்சமுற்று, எவ்வாண்டில் தேய்ந்தது என்பதை அந்நாட்டார் வரைகோட்டில் காட்டுவர்.

நம் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கு ஊரையும் தொழிலையும் எழுத்தறிவையும் எண்ணி வெளியிடுமேயன்றிப் பெயரை எண்ணி வெளியிடுவதில்லை. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் இயற்றப்பெற்றது. இந்தியா முழுமைக்கும் உரிய சட்டம் 1969இல் வந்தது. ஆயினும் குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்வோர், பெயரிடும் நாள் பின்னர் வருதலின், பெயரின்றியே பதிவு செய்தல் உண்டு. எனவே பிறப்புப் பதிவேடு மட்டும் நமக்குப் போதிய கருவியாகாது.

நமக்கு உதவுவது வாக்காளர் பட்டியலேயாகும். அதில் வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், அகவை, பால் என்னும் நான்கும் ஒருங்கே உள்ளன. அகவையைக் கொண்டு பிறந்த ஆண்டைக் கணிக்கலாம். தந்தை பெயர் இருத்தலின், ஒரே பட்டியலில் இரு தலைமுறையின் பெயர் வழக்கைக் காணலாம். இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டு நோக்குவார்க்குக் கலியபெருமாள் என்னும் பெயரின் நிலை எளிதிற் புலனாகும். அப்பெயர் முதியோரிடத்தும், அதனினும் மிகுதியாகத் தந்தை பெயர்ப் பகுதியிலும் காணப்பெறும். இளையோரிடத்து அரிதாகவே காணப்பெறும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நிலப்பட்டா, ஆவணப்பதிவு, கோயிற் கல்வெட்டு என்பனவும் இதற்குத் துணையாவன.

இலக்கண நூலாரும் பெயர் வழக்கும்

மக்கட்பெயரின் வழக்கு மிகுதியை இலக்கண நூலாரும் நமக்கு மறைமுகமாக அறிவிக்கின்றனர். தொல்காப்பியப் புள்ளிமயங்கியலில், இயற்பெயர் தந்தை என்னும் முறைப்பெயரோடு புணருங்கால் ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் திரியும் முறை கூறப்படுகின்றது. தந்தை பெயர் முன்னும் மகன் பெயர் பின்னுமாகப் புணர்வதற்குச் சாத்தங்கொற்றன், கொற்றங்கொற்றன் என்பவற்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். எடுத்துக்காட்டாக வரும் பெயர் யாவரும் அறிந்த பெயராக இருத்தல் வேண்டும் என்பது ஒருதலை. கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற பானையோடுகளில் ஆதன், சாத்தன் முதலிய பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளமை இதனை வலியுறுத்தும்.

ஒரு காலத்தில் ஊர்தோறும் வழங்கிய சாத்தனும் கொற்றனும் இன்று இலக்கண வகுப்பில் மட்டுமே வாழ்கின்றனர். ஆகவே, ஒரு பெயர் எத்துணைப் பெருவழக்கினதாயினும் அது மறைதல் கூடும் என்பது நாம் முதற்கண் உணரற்பாலது.

பழுவூர் தரும் சான்று

அரியலூர் மாவட்டத்திலுள்ள கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் பழுவேட்டரையர் என்னும் குறுநில மன்னர்க்கு உரிய ஊர்களாகும். முதலாம் ஆதித்தன் காலத்திலிருந்து முதலாம் இராசராசன் காலம் வரையிலும் அதனையடுத்தும் இம்மரபினர் சோழர்க்குத் துணையாக நின்றனர். குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்பன இம்மரபினருள் சிலருடைய பெயர்கள். இவற்றுள் முன்னது தந்தை பெயர். பின்னது இட்ட பெயர். மறவன் கண்டன் என்பான் மறவனின் மகனாகிய கண்டன். கண்டன் மறவன் என்பான் கண்டனின் மகனாகிய மறவன். எனவே கண்டன், மறவன் என்னும் இரண்டு பெயர்களே ஒரு குடியில் மாறி மாறி வருதலைக் காண்கின்றோம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்பது இதனாற் போதரும்.

'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉவாகும். பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். உறவுமுறைச் சொல்லே பெயரிடும் முறையால் அமைந்தமை தமிழர்தம் பெயர் வழக்கின் அடிப்படையைக் காட்டும். இம்மரபு வழுவாது நிற்கும் வரையில் பெயர் அழிவதில்லை. ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறையில் தோன்றும். 1870ஐ ஒட்டிப் பிறந்த ஒருவர் பெயர் 1920களில் பிறந்த பேரனுக்கும், அப்பேரன் பெயர் 1970களில் பிறந்த அவன் பேரனுக்கும் வருதல் வேண்டும் என்பது கணக்கு. இக்கணக்கு எங்குத் தவறியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்குடியிலேயே கண்டன் சுந்தரசோழன் என்பான் ஒருவனும் காணப்படுகின்றான். குறுநில மன்னர் தம் மகனுக்குப் பேரரசன் பெயரை இட்டனர் என்பது இதனால் அறியக்கிடக்கின்றது. சோழர் காலத்து அலுவலர் பட்டப்பெயராகவும் அரசன் பெயரைப் பெற்றனர். தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன் என்பார் தென்னவன் மூவேந்தவேளான் என்னும் பட்டம் உடையவர். ஆதித்தன் என்பது தந்தை பெயர். சூரியன் என்பது இயற்பெயர். பின்னது அரசன் அளித்தது. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு இத்தகைய பெயர்களைத் தொகுத்து நோக்குதற்குப் பெருந்துணை புரிகின்றது.

தெய்வப் பெயரும் தலப்பெயரும் மக்கட்கு இடப்பெறும் வழக்கமும் அக்காலத்ததே. இராசராசன் தஞ்சைக் கோயிலுக்குக் கொணர்ந்த நானூற்றுவர் தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் கல்வெட்டில் நிரலே பொறிக்கப்பெற்றுள்ளன. எடுத்தபாதம் என்னும் பெயர் கூத்தப்பெருமானின் தூக்கிய திருவடியைக் குறிப்பது. சோழகுலசுந்தரி, இராசகேசரி என்பன அரசு தொடர்பானவை. தேசிச்சி என்பாள் ஒருத்தியிருக்க, மற்றொருத்தி பெரிய தேசிச்சி எனப்பட்டமை ஒரே பெயர் பலர்க்கு வழங்கியமையை உணர்த்தும். பெயரால் மயங்குவார்க்குப் பெரிய, சின்ன என அடைகொடுத்து வேறுபடுத்தும் முறை இன்றும் நம் ஊர்களில் உண்டன்றோ?

கல்லங்குறிச்சியும் கலியபெருமாளும்

இனிக் கலியபெருமாள் என்னும் பெயரின் தோற்றத்தை ஆராய்வோம். 'கலி' என்னும் சொல் ஒலி, செருக்கு, வலிமை, துன்பம், வறுமை, நான்காம் உகம் எனப் பல பொருள்படும். திருமங்கையாழ்வார் தம் பாசுரங்களின் இறுதியில் தம்மைக் கலியன் எனவும் கலிகன்றி எனவும் குறிப்பிடுவர். ஆதலின் இப்பெயர் ஆழ்வார் பெயரினின்றும் வந்ததெனக் கூறுதல் ஒன்று. கலியுகப் பெருமாள் என்பதன் மரூஉவெனக் கூறுதல் மற்றொன்று. புணர்ச்சியைக் கொண்டு இதனைத் துணிதல் இயலாது. கலியன் என்பதனோடு புணரினும், கலியுகம் என்பதனோடு புணரினும் வல்லெழுத்து மிகுதலே முறை. மக்கள் வழக்கிலோ பகரம் மிகாது மெலிந்தே ஒலிக்கின்றது.

எனவே பெயர் வழங்கும் இடமே இதற்கு விடை கூறவேண்டும். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. கல்லங்குறிச்சி என்னும் பெயரை நிலவியலாரும் நன்கறிவர். அரியலூர்ப் பகுதியின் பழங்கடற்படிவுப் பாறையடுக்கு ஒன்று அவ்வூர்ப் பெயரால் வழங்குகின்றது. இக்கோயிலின் கருவறையில் வழிபடப்பெறுவது திருமேனியன்று, நெடிய கற்கம்பமேயாகும். அதன் அடியில் அனுமன் உருவம் உள்ளது. காட்டில் காணாமற் போன சினைப்பசு ஒன்று ஒரு கம்பத்தின்மேல் பால் சொரிந்து நிற்பதை மங்கான் படையாட்சி என்னும் கால்நடைச் செல்வர் கண்டு, அதனை நிறுத்தி வழிபடலாயினர் என்பது தலவரலாறு. இராமநவமியை ஒட்டி இங்குப் பெருவிழா நிகழும். உழவர் தம் நிலத்தில் முதலில் விளைந்த கூலத்தையும், ஆடுமாடுகளையும் காணிக்கையாகச் செலுத்துவர்.

மழையை நம்பி வாழும் மானாவாரி உழவர்க்குக் கூலமும் கால்நடையுமே செல்வம். அவற்றைக் காக்கும் தெய்வம் எனக் கொண்ட பெருமாளின் பெயரைத் தம் ஆண்மக்கட்கு இட்டனர். முடியிறக்கிக் காது குத்துவதும், நேர்ந்துகொண்ட பெயரை இடுவதும் ஒரே வேண்டுதலின் இரு பகுதிகள். ஆழ்வார் பெயரே இதற்கு மூலமாயின், வைணவம் தழைத்த திருவரங்கத்திலும் குடந்தையிலும் ஆழ்வாரைப் போற்றும் வைணவ இல்லங்களில் இது பெருகியிருத்தல் வேண்டும். அங்ஙனமன்றிக் கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடைப்பட்ட உழவர் ஊர்களில் இது செறிந்து காணப்படுகின்றது. ஆதலின் இப்பகுதியில் இப்பெயர் கல்லங்குறிச்சிப் பெருமாளை நோக்கியதே என்பது எமது துணிபு. கலியுக வரதன் என்னும் பெயர் முருகனுக்கும் வழங்குதலின், தஞ்சை, கடலூர்ப் பகுதிகளில் வழங்கும் கலியமூர்த்தி முதலிய பெயர்களை இதனோடு ஒன்றாக்கிக் கூறுதல் பொருந்தாது.

பெயர் எல்லைகள்

ஒரு தெய்வத்தின் ஆட்சியெல்லையை அதன் பெயர் தாங்கிய மக்களின் செறிவால் அறியலாம். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் உள்ளது. திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கப்பெறும் அக்கோயிலோடு தொடர்புடைய பெரியசாமி மலையும் செல்லியம்மனும் பெரம்பலூர்ப் பகுதியில் பெரியசாமி, செல்லம்மாள், செல்லமுத்து முதலிய பெயர்கள் பெருகுவதற்கு ஏதுவாயினர். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் உண்டு. தம் குறையை எழுதிப் பிராது கட்டும் வழக்கத்தால் பெயர்பெற்றது அக்கோயில். அதனால் கொளஞ்சி, கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள் என்னும் பெயர்கள் விருத்தாசலத்திலும் அரியலூரின் வடபகுதியிலும் வழங்கும். பிற மாவட்டத்தார் இப்பெயரைக் கேட்ட அளவிலேயே, 'விருத்தாசலத்துப் பக்கமோ?' என்று வினவுவர்.

இவ்வியல்பு சமய எல்லையைக் கடந்தது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் (1680-1747) அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்தார். அதன் வழியே அடைக்கலம், அடைக்கலசாமி, அடைக்கலமேரி என்னும் பெயர்கள் கத்தோலிக்க மக்களிடையே வழங்கலாயின. மொழியும் தமிழ், பெயரிடும் முறையும் பக்கத்து ஊர் உழவர் முறையே, தெய்வம் மட்டுமே வேறு. இன்னும், தலத்தின் பெயரே மக்கட்பெயராதலும் உண்டு. உ. வே. சாமிநாதையர் இளமையில் யாப்பிலக்கணம் பயின்றது பெரம்பலூர்ப் பகுதியிலுள்ள செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடத்தேயாம். அவ்வாசிரியர் பெயர் முதுகுன்றத் தலத்தின் பெயரேயன்றோ?

இவற்றோடு இராசேந்திரன் என்னும் பெயரை ஒப்பிடுதல் பயனுடைத்து. 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் நிறுவிய கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளது. ஆதலின் இம்மாவட்டத்து இராசேந்திரன்மார் அனைவரும் அவ்வேந்தன் நினைவால் பெயர் பெற்றவர் எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. தலத்தின் நினைவாக வந்த பெயர் தலத்தைச் சூழ்ந்து செறிந்தும், விலகுந்தோறும் அருகியும் காணப்பெறல் வேண்டும். இராசேந்திரன் என்னும் பெயரோ 1940 முதல் 1960கள் வரை பிறந்தோரிடையே தமிழ்நாடெங்கும் ஒப்பப் பரவியது. 1950 முதல் 1962 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் இராசேந்திர பிரசாத். வரலாற்றுப் புதினங்களும் செய்தித்தாள்களும் திரைப்படங்களும் பெருகிய காலமும் அதுவே. எனவே அப்பெயர் ஏட்டின் வழி வந்தது. கலியபெருமாள் என்னும் பெயர் மண்ணின் வழி வந்தது. ஒன்று நாடு தழுவிய நாகரிகம்; மற்றொன்று நாட்டுப்புற நம்பிக்கை. இவ்வேறுபாட்டை அறியாது பெயராராய்ச்சி செய்வார் வழுவுவர்.

கலியன் கலியபெருமாள் ஆயினமை

யாம் மிகவும் கருத வேண்டுவதாகக் கொள்ளும் செய்தி இனிக் கூறப்படும். முன்னாளில் பெயரின் நீளமும் மக்களின் நிலைக்கேற்ப அமைந்தது. நிலமும் செல்வாக்கும் உடையார் பெயர் சாமி, பிள்ளை, ரெட்டியார், உடையார் என விரிந்தது. அரியலூர்ப் பாளையக்காரர் ஒப்பிலாத மழவராயர் எனவும், உடையார்பாளையத்தார் காலாட்கள் தோழ உடையார் எனவும் பட்டம் பூண்டனர். கூலியாளும் பண்ணையாளும் முனியன், கருப்பன், சின்னான், கலியன் எனச் சுருங்கிய பெயர்களாலேயே குறிக்கப்பெற்றனர். இட்ட பெயர் நீண்டதாயினும், அதனை முழுதும் சொல்லி அழைக்க மேலோர் மனம் இசைந்திலர்.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம் ஊர்களில் பரவியபொழுது இந்நிலை மாறத் தொடங்கிற்று. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய பெயரே சான்றிதழிலும், பின்னர் வாக்காளர் பட்டியலிலும், நிலப்பட்டாவிலும் எழுதப்பெறும். ஆதலின் தந்தையர் தம் மகன் பெயரை முழுமையாகச் சொல்லி எழுதுவித்தனர். தெருவில் கலியன் என விளிக்கப்பெற்றவன் ஏட்டில் கலியபெருமாள் ஆயினான். பெருமாள் என்னும் சொல் கடவுளை மட்டுமன்றி அரசனையும் குறித்தது. சேரமான் பெருமாள் என்பதனை நோக்குக. அத்தகைய சொல்லைத் தன் பெயரின் ஈற்றில் கொள்ளுதல் ஓர் உழவர் மகனுக்கு எத்துணைப் பெருமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் நீட்சி ஈண்டு வெறும் சொல் நீட்சியன்று, மதிப்பு நீட்சியாகும்.

இத்தலைமுறைக்குச் சான்றாகப் பெண்ணாடப் பகுதியினராகிய புலவர் கு. கலியபெருமாள் (1924-2007) அவர்களைக் குறிப்பிடலாம். தமிழாசிரியராக விளங்கிப் பின்னர்ப் பொதுவுடைமைப் போராட்டத்தில் ஈடுபட்டவர் அவர். 1920களில் இவ்வட்டாரத்தில் பிறந்து, கல்வியால் புலவர் எனவும் பெயர் பெற்ற ஒருவர் இப்பெயரைத் தாங்கியமை, முன்னர்க் கூறிய தலைமுறைக் கணக்கோடு ஒத்துவருதல் காண்க.

பெயர் அருகியமைக்குக் காரணங்கள்

1920களில் பிறந்த கலியபெருமாளின் பெயர் 1970களில் பிறந்த பேரனுக்கு ஏன் வந்திலது? காரணங்கள் நான்கு எனக் கொள்கின்றோம்.

முதலாவது, ஏட்டுப் பெயரும் இல்லப் பெயரும் பிரிந்தமை. மாமனார் பெயரை மருமகள் சொல்லுதல் கூடாது என்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்கிய மகனைத் தாய் பெயர் சொல்லி விளித்தல் இயலாது. பெரியவன் என்றோ அப்பு என்றோ விளிப்பாள். எனவே ஒருவனுக்கு இரு பெயர் அமைந்தன. சாமிநாதையர்க்குப் பெயரிடு நாளில் இட்ட பெயர் வேங்கடராமன். இல்லத்தில் வழங்கியது சாமிநாதன். பின்னது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் விருப்பத்தால் நிலைபெற்றது. அங்ஙனமே பாட்டன் பெயர் சடங்கோடு நின்றது. பள்ளியில் எழுதிய பெயர் வேறாயிற்று. பதிவேடு ஒரு பெயரையே ஏற்றமையால் பழையது தோற்றது.

இரண்டாவது, தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பெயரில் விளைத்த மாற்றம். வேதாசலம் என்பார் மறைமலை ஆனமை யாவரும் அறிந்தது. 1950களுக்குப் பின்னர் அன்பழகன், இளங்கோவன், செந்தமிழ்ச்செல்வி முதலிய பெயர்கள் ஊர்ப்புறங்களிலும் பரவின. தெய்வப் பெயர் தவிர்த்து மொழிப் பெயர் விழைந்தார்க்குக் கலியபெருமாள் உவந்ததன்று.

மூன்றாவது, தொழில் மாற்றம். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளை ஈர்த்தது. அரசின் சிமெண்டு ஆலை 1979இல் இயங்கத் தொடங்கிற்று. இளைஞர் பலர் சென்னைக்கும் வெளிநாட்டிற்கும் சென்றனர். கூலமும் மாடும் வாழ்வின் முதலாக இல்லாதபொழுது, அவற்றைக் காக்கும் பெருமாளிடம் மகனைப் பெயரால் ஒப்படைக்கும் கட்டாயமும் தளர்ந்தது. வழிபாடு குறைந்திலது, பெயரிடுதலே குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது கருதத்தக்கது.

நான்காவது, சுருங்கிய குடும்பம். மக்கள் ஐவர் அறுவராயின் ஒருவனுக்குப் பாட்டன் பெயரும், ஒருவனுக்குக் குலதெய்வப் பெயரும், ஏனையோர்க்கு விரும்பிய பெயரும் இடலாம். மக்கள் ஒருவர் இருவராயின் அவ்விடம் இல்லை. மேலும், விண்மீனுக்குரிய முதலெழுத்தும் எண்கணிதமும் நோக்கிப் பெயரிடும் வழக்கம் மிகுந்தமையால், பாட்டன் பெயருக்கு இருந்த சிறிய இடமும் மறைந்தது.

கடல் கடந்த பெயர்

தாய்நிலத்தில் தேய்ந்த பெயர் புலம்பெயர்ந்த இடத்தில் நிலைத்தல் உண்டு. 1850கள் முதலாகப் பிரெஞ்சுத் தீவுகளாகிய மார்த்தினிக்கு, குவாதலூப்பு என்பவற்றிற்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவிற்கும் அங்ஙனமே சென்றனர். பிரெஞ்சுச் சட்டம் குடும்பப் பெயர் வேண்டியமையால், சென்றவரின் இயற்பெயரே அவர் வழியினர் அனைவர்க்கும் குடும்பப் பெயராயிற்று. முத்துசாமி என்பது அங்ஙனம் ஒரு குடும்பப் பெயராகக் குவாதலூப்பில் இன்றும் உண்டு. அங்குப் பெயர் உறைந்து நின்றது. இங்குப் பெயர் ஓடி மறைந்தது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இன்மையே மக்கட்பெயர் விரைந்து மாறுதற்கு இடம் தந்தது என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கலியபெருமாள் என்னும் பெயர் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் மானாவாரி உழவர்தம் நம்பிக்கையினின்றும் தோன்றியது என்பதும், பெயரன் மரபால் தலைமுறை கடந்து வாழ்ந்தது என்பதும், கல்வி பரவிய காலத்தில் கலியன் என்னும் குறும்பெயரை மாற்றி மதிப்புத் தந்தது என்பதும், அக்கல்வியே கொணர்ந்த புதுவாழ்வால் பின்னர் அருகியது என்பதும் பெறப்பட்டன. தனக்கு ஏற்றம் தந்த பள்ளிப் பதிவேட்டிலேயே இப்பெயர் இறக்கமும் கண்டது.

எனினும் அது முற்றும் மறைந்திலது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையெழுத்தாகக் கொள்ளுதல் நம் வழக்கம். பழுவூர்க் கல்வெட்டில் தந்தை பெயர் முன் நின்றதுபோல, இன்றும் இளைஞர் பலர் பெயரின் முன் 'க.' என்னும் ஓரெழுத்து நிற்கின்றது. அவ்வெழுத்தை விரித்துக் கேட்பின் அவருட் பலர் கலியபெருமாள் என்பர். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடும்.

ஆதலின் முதுகலை மாணவர் தத்தம் ஊர்களில் எண்பது அகவை கடந்தாரை அணுகி, அவர் பெயர், அப்பெயர் வந்த காரணம், அவரை ஊரார் விளித்த முறை, அவர் பேரர்க்கு இட்ட பெயர் ஆகியவற்றைக் காலம் தாழ்த்தாது தொகுப்பாராக. கல்லில் வெட்டிய பெயர் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும்; வாயில் வழங்கும் பெயர் காத்திராது.